இல்லமும் திரையும்



வீட்டுக்குத் திரைச்சீலை வாங்கச் செல்வோர் துணியின் நிறத்தையும் விலையையும் முதலில் நோக்குவது இயல்பு. எந்த அறைக்கு எத்தகைய திரை பொருந்தும் என்பதைத் தெளிய வேண்டுமாயின், நம் முன்னோர் தம் இல்லங்களில் எதனை மறைத்தனர், எதனைத் திறந்து வைத்தனர் என்பதையும் அறிந்துகொள்ளுதல் நன்று.

திரை தமிழர்க்குப் புதிய பொருளன்று. பழந்தமிழிலே அதற்கு எழினி என்று பெயர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலரங்கில் அமைந்த மூவகை எழினிகளைக் கூறுகின்றது. ஒரு பக்கத்திலிருந்து இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இரு பக்கத்திலிருந்தும் வந்து நடுவிலே பொருந்துவது பொருமுக எழினி. மேலேயிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. இன்று கடைகளில் விற்கப்படும் யன்னல் திரைகளும் பெரும்பாலும் இம்மூன்று வகைக்குள் அடங்கிவிடும். ஆயினும், அரங்கிலே தொங்கிய எழினி யாழ்ப்பாணத்துக் குடியானவரின் யன்னலுக்கு வந்து சேர நெடுங்காலம் சென்றது.

அதற்குக் காரணம் நமது வீட்டின் அமைப்பேயாகும். நாற்சார் வீடு தெருவை நோக்கியதன்று; நடு முற்றத்தை நோக்கியது. வெளிச்சமும் காற்றும் மழைநீரும் அம்முற்றத்தின் வழியே வந்தன. வெளிச்சுவர்களில் திறப்புகள் சிறியனவாகவும் சிலவாகவுமே இருந்தன. வீட்டின் மறைப்பு வளவின் எல்லையிலே நின்றது. கிளுவை, பூவரசு முதலிய கதியால்களை நட்டு, கிடுகாலோ பனையோலையாலோ அடைக்கப்பட்ட வேலியே யாழ்ப்பாணத்தாரின் திரையாக இருந்தது எனலாம். ஆண்டுதோறும் வேலி புதிதாக அடைக்கப்பட்டது. அதற்குள்ளே கிணற்றடியும் முற்றமும் பெண்களுக்குத் தடையின்றிப் புழங்கும் இடங்களாயின.

போர்த்துக்கேயர் 1619 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658 இலே ஒல்லாந்தரும், 1795 இலே ஆங்கிலேயரும் வந்தனர். அவர்கள் காலத்தின் சுவடுகள் வீட்டுச் சொற்களிலே இன்றும் வாழ்கின்றன. யன்னல், கதிரை, அலுமாரி, குசினி என்பன போர்த்துக்கேய மொழிவழி வந்த சொற்கள். தெருவை நோக்கி அகன்ற யன்னல் திறந்தபோது, தெருவிற் செல்வோரின் பார்வையும் உள்ளே வந்தது. கிடுகு வேலி குறைந்து மதில் பெருகியபோது, வீட்டை மறைக்கும் பணியிலே துணிக்கும் பங்கு கிடைத்தது.

அத்துணிக்கும் நமது கரையோரத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தீவுகளிலும் மணற்பாங்கான நிலத்தில் விளையும் சாயவேர், பருத்திக்குச் செந்நிறம் ஊட்டவல்லது. ஒல்லாந்தக் கம்பனி அதனைத் தன் வருவாய்க்குரிய பொருளாகக் கொண்டிருந்தது. சோழமண்டலக் கரையிலே சாயமிட்டுச் சித்திரம் தீட்டிய துணிகள் ஐரோப்பியரின் கட்டில்களுக்குத் திரையாயின. அவற்றின் வரவால் தம் நெசவாளர் வாடுவர் என்று அஞ்சிய ஆங்கிலேயர் 1700 ஆம் ஆண்டிலும் 1721 ஆம் ஆண்டிலும் தடைச்சட்டங்கள் இயற்றினர். புகழ்பெற்ற நடிகர் டேவிட் கரிக்கின் இல்லத்துக்கு வந்த இத்தகைய கட்டில் திரைகளைச் சுங்க அதிகாரிகள் 1775 ஆம் ஆண்டிலே பறிமுதல் செய்தனர். அவை இன்று இலண்டன் நூதனசாலை ஒன்றிலே காட்சிக்குரிய பொருள்கள். 1868 ஆம் ஆண்டிலே ஜேர்மனிய இரசாயன அறிஞர் செஞ்சாயத்தைச் செயற்கையாக ஆக்கக் கண்டனர். அதன்பின் வேர்ச்சாயத்தின் காலம் மறையத் தொடங்கிற்று.

துணியைத் தொங்கவிடும் உரிமையே மதிப்பின் அடையாளமாயிருந்த ஒரு காலத்தையும் இங்கே மறைக்காது சொல்லுதல் வேண்டும். மங்கல வீட்டிலும் மரண வீட்டிலும் வெள்ளைத் துணியால் மேற்கட்டியும் சுற்றுமறைப்பும் அமைப்பது 'வெள்ளை கட்டுதல்' எனப்படும். சலவைத் தொழில் புரிந்தோர் அதனைச் செய்தனர். ஆனால், சாதியிற் தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பங்களுக்கு அவ்வெள்ளை மறுக்கப்பட்டது. தன் மகளின் மணப்பந்தலிலே ஒரு முழ வெள்ளைத் துணி கட்ட இயலாது நின்ற தந்தையரின் மனத்துயரை எந்த ஏடும் முழுமையாக எழுதி வைக்கவில்லை. சாதியின் பெயரால் சமூகக் குறைபாடுகளைச் சுமத்துதல் குற்றம் என்று 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. சட்டம் வந்த பின்னரும் போராட்டங்கள் தேவைப்பட்டன. இன்று எவரும் தம் வீட்டில் விரும்பிய திரையைத் தொங்கவிடுகின்றனர் என்றால், அந்த எளிய செயலுக்குப் பின்னே இவ்வரலாறும் உண்டு.

இனி, அறைகளுக்கு வருவோம். நமது குடாநாட்டிலே சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் புழுதி வீட்டினுள்ளே புகும். வாடைக் காலத்திலே ஈரம் தங்கும். எனவே, எளிதிலே கழற்றித் துவைத்து விரைவில் உலர்த்தக்க பருத்தித் துணியே முதலில் நினைக்கத் தக்கது. விருந்தினர் இருக்கும் முன்னறைக்கு, காற்றைத் தடுக்காத மெல்லிய வெளிர்நிறத் திரை போதும். படுக்கையறைக்கு, அதிலும் மேற்கு வெயில் விழும் யன்னலுக்கு, நெருக்கமாக நெய்த தடித்த துணி வேண்டும். பிள்ளைகள் படிக்கும் அறையிலே ஒளி தடைப்படாதவாறு யன்னலின் கீழ்ப்பாதியை மட்டும் மறைத்தால், தெருக் காட்சி கவனத்தைக் கலைக்காது. எழுத்தும் தெளிவாகத் தெரியும். குசினியிலே அடுப்புக்கு அண்மையில் எத்திரையும் ஆகாது. சுவாமி அறையின் வாயிலுக்கு, கோயிற் கருவறை வழக்கத்தை ஒட்டி, நடுவிலே விலகும் எளிய திரை பொருந்தும்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் பெருந்திரளாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். அந்நாளிலே பாடசாலை மண்டபங்களிலும் பிறர் வீட்டு விறாந்தைகளிலும் கொடியில் தொங்கிய ஒரு சேலையே ஒரு குடும்பத்துக்கும் மற்றொரு குடும்பத்துக்கும் இடையே சுவராயிற்று. அச்சேலைக்கு நிறப்பொருத்தம் பார்த்தவர் எவருமிலர். அதன் மறைவிலே ஒரு தாய் பிள்ளைக்குப் பாலூட்டவும், ஒரு பெண் உடை மாற்றவும் இயன்றதே பெரிதாயிருந்தது.

ஆதலின் நேயர்களே, திரை தெரிவு செய்யும்போது, அந்த அறையிலே வாழ்பவர்க்கு எவ்வளவு ஒளி வேண்டும், எவ்வளவு காற்று வேண்டும், எவ்வளவு தனிமை வேண்டும் என்று முதலிலே கேளுங்கள். நிறத்தைப் பற்றிய வினா அதன் பின்னர் வரட்டும்.