பெருமந்த கால அமெரிக்காவில் அரசுக் குடியேற்றப் பண்ணைகள் (1933–1946)

முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் அமெரிக்கக் கோதுமைக்கும் பருத்திக்கும் ஐரோப்பாவில் நல்ல கிராக்கி இருந்தது. விலை ஏற ஏற, விவசாயிகள் கடன்பட்டு நிலம் வாங்கினார்கள். 1920இல் விலை விழுந்தது. கடன் மட்டும் அப்படியே நின்றது. 1929ஆம் ஆண்டின் பங்குச் சந்தைச் சரிவுக்கு ஏறக்குறைய பத்தாண்டு முன்னரே கிராமங்களில் மந்தம் தொடங்கிவிட்டது என்பது பல வரலாற்று நூல்களில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. 1919இல் புஷலுக்கு இரண்டு டாலருக்கு மேல் விற்ற கோதுமை, 1932இல் 40 சென்ட்டுக்கும் கீழே போனது. வங்கிகள் நிலங்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தன. 1935ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் விவசாயிகளில் 42 விழுக்காட்டினர் பிறர் நிலத்தில் குத்தகைக்கோ வாரத்துக்கோ பயிரிடுபவர்கள். பருத்தி விளையும் தென்மாநிலங்களில் இது பாதியைத் தாண்டியது.

1933இல் பதவியேற்ற ரூஸ்வெல்ட் அரசு விலையைத் தூக்கி நிறுத்த எடுத்த வழியே வாரக்குடிகளுக்கு வினையாகிவிட்டது. சாகுபடிப் பரப்பைக் குறைப்பவருக்குப் பணம் என்றது அந்த ஆண்டின் வேளாண் சட்டம். முதல் ஆண்டிலேயே சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தி உழுது அழிக்கப்பட்டது. பணம் பெரும்பாலும் நிலக்கிழார் கைக்குப் போனது. நிலம் தரிசானதும் அதில் உழைத்த குடும்பத்துக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. இப்படி வெளியேற்றப்பட்டவர்கள் 1934 ஜூலையில் ஆர்கன்சாவின் டைரன்சா ஊரில் கருப்பரும் வெள்ளையரும் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். ஒரு துறை வெளியேற்றியவர்களை இன்னொரு துறை குடியமர்த்த வேண்டி வந்தது என்பதே அரசுக் குடியேற்றத் திட்டங்களின் பின்னணி.

முதல் முயற்சி 1933 ஜூனில் தொழில் மீட்புச் சட்டத்தின் ஒரு பிரிவாக நுழைந்தது. எம்.எல். வில்சன் தலைமையில் ஒரு பிரிவும் இரண்டரைக் கோடி டாலரும் ஒதுக்கப்பட்டன. பகுதி நேர ஆலை வேலை, மீதி நேரம் வீட்டுத் தோட்டம் என்பது திட்டம். மேற்கு வர்ஜீனியாவின் ஆர்தர்டேலில், வேலையிழந்த சுரங்கத் தொழிலாளருக்காக வாங்கிய முதல் 50 ஆயத்த வீடுகள், போட்டிருந்த அடித்தளத்தோடு பொருந்தவே இல்லை. அங்கே அஞ்சலகத் தளவாடங்கள் செய்யும் ஆலை அமைக்க நாடாளுமன்றம் பணம் தர மறுத்தது. வீடு வந்தது, வேலை வரவில்லை.

விவசாயக் குடும்பங்களுக்கென்றே அமைந்த குடியேற்றங்களை நிவாரண நிர்வாகம் 1934 முதல் தொடங்கியது. ஆர்கன்சாவின் டையெஸ் அவற்றுள் ஒன்று. சதுப்புக் காடாகக் கிடந்த சுமார் 16,000 ஏக்கரில் 500 வீடுகள் எழுந்தன. குடும்பத்துக்கு 20 முதல் 40 ஏக்கர், ஒரு வீடு, ஒரு கோவேறு கழுதை, ஒரு பசு, முதல் விளைச்சல் வரை மளிகைக்கு முன்பணம். எல்லாமே கடன் கணக்கு. வெள்ளையருக்கு மட்டுமே அனுமதி. பின்னாளில் பாடகராகப் புகழ்பெற்ற ஜானி கேஷ், மூன்று வயதில் பெற்றோருடன் 1935இல் இங்கு வந்தவர்.

அலாஸ்காவின் மட்டனுஸ்கா பள்ளத்தாக்கு இன்னும் கடினமான சோதனை. மின்னசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் ஆகிய வட மாநிலங்களில் நிவாரணப் பட்டியலில் இருந்த சுமார் 200 குடும்பங்களை அரசு 1935 மே மாதத்தில் கப்பலேற்றியது. குளிர் பழகியவர்கள் என்பதே தேர்வுக்கான முதல் தகுதி. மே 23 அன்று பாமர் என்னும் இடத்தில் சீட்டுக் குலுக்கி, குடும்பத்துக்கு 40 ஏக்கர் பிரித்தார்கள். கடன் 3,000 டாலர். 30 ஆண்டுத் தவணை, வட்டி 3 விழுக்காடு. குலுக்கலில் விழுந்த நிலமோ மரமடர்ந்த காடு. முதல் கோடையைக் கூடாரங்களிலேயே கழித்தார்கள். முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் செழித்தன, ஆனால் வாங்குவோர் குறைவு. 1940க்குள் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வெளியேறிவிட்டன. எஞ்சியவர்களுக்குக் கைகொடுத்தது வேளாண் கொள்கை அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அருகிலிருந்த ஆங்கரேஜில் பெருகிய இராணுவ முகாம்களே அவர்களுக்குச் சந்தையாயின.

சிதறிக் கிடந்த இத்திட்டங்களை 1935 ஏப்ரல் 30ஆம் தேதி ஆணையின் மூலம் மறுகுடியேற்ற நிர்வாகம் தன்கீழ் கொண்டுவந்தது. தலைவர் ரெக்ஸ்ஃபோர்டு டக்வெல், கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பொருளியலாளர். ஐந்து லட்சம் குடும்பங்களைத் தேய்ந்த நிலத்திலிருந்து நல்ல நிலத்துக்கு மாற்றுவது அவர் எண்ணம். இடம் மாறியவை 4,441 குடும்பங்கள் மட்டுமே. இலக்கில் நூற்றில் ஒன்றைக்கூட எட்டாத இந்த எண்ணிக்கையைக் கொண்டு திட்டமே வீண் என்று தீர்ப்புச் சொல்வது அவசரம். மண்ணரித்துப்போன லட்சக்கணக்கான ஏக்கரை இதே நிர்வாகம் விலைக்கு வாங்கிப் புல்வெளியாக்கியது; 1960இல் அவற்றின் ஒரு பகுதி தேசியப் புல்நிலங்களாக அறிவிக்கப்பட்டது. மக்களைக் குடியேற்றியதைவிட நிலத்துக்கு ஓய்வு கொடுத்ததில்தான் டக்வெல் அதிகம் வென்றார்.

டக்வெல் 1936 இறுதியில் விலகினார். 1937 ஜூலையில் நிறைவேறிய பேங்க்ஹெட்–ஜோன்ஸ் சட்டம் பாதையை மாற்றியது. புது ஊர் கட்டுவதை விட்டு, குத்தகைதாரர் தாம் விரும்பும் நிலத்தை வாங்க 40 ஆண்டுக் கடனை 3 விழுக்காடு வட்டியில் தந்தது. முதலாண்டு ஒதுக்கீடு ஒரு கோடி டாலர். நிலமில்லாதோர் எண்ணிக்கைக்கு முன் இது சொற்பம். பல குடும்பங்கள் சேர்ந்து பயிரிட அரசு அமைத்த கூட்டுப் பண்ணைகளும் நீடிக்கவில்லை. அரிசோனாவின் காசா கிராண்டேயில் சுமார் 60 குடும்பங்கள் நல்ல வருமானம் ஈட்டியபோதும், நிலம் தங்கள் பெயரில் இல்லாததாலும் உள்பூசலாலும் பண்ணையைக் கலைத்துக்கொண்டன. 'சோவியத் பாணி' என்று குற்றஞ்சாட்டிய நாடாளுமன்றம் 1943இல் நிதியை வெட்டியது. மிஞ்சிய பணிகளை 1946இல் விவசாயிகள் வீட்டுவசதி நிர்வாகம் ஏற்றது.

பட்டா கைக்கு வந்த இடங்களில் பலன் நெடுங்காலம் நின்றது. கருப்பின விவசாயிகளுக்கென அமைந்த சில குடியேற்றங்களுள் மிசிசிப்பி மாநிலம் ஹோம்ஸ் மாவட்டத்து மைல்ஸ்டனும் ஒன்று. நூற்றுச்சொச்சம் குடும்பங்கள் அங்கே அரசுக் கடனில் நிலத்துக்கு உரியவர்களாயின. சொந்த நிலம் வைத்திருந்தவர்களை நிலக்கிழார் மிரட்டி வெளியேற்ற வழியில்லை. 1963 ஏப்ரலில் வாக்காளர் பட்டியலில் பெயர் பதிய மாவட்டத் தலைநகர் லெக்சிங்டனுக்குத் துணிந்து சென்ற 14 கருப்பின மக்களில் பெரும்பாலோர் இந்த மைல்ஸ்டன் விவசாயிகளே.