அரளியின் பெயருக்குள் ஒரு நாய்

செவ்வரளி, மஞ்சள் அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, நர்சரிகளில் அடீனியம் என்று விற்கிற பாலைவன ரோஜா. இவை எல்லாமே ஒரே தாவரக் குடும்பம். அதன் பெயர் அபோசைனேசி. கிரேக்கத்தில் 'அபோ' என்றால் விலகி, 'குவோன்' என்றால் நாய். நம்ம பாஷையில் சொன்னால், "நாயே, தள்ளிப் போ". பூஜைக்குப் பூப் பறிக்கிற செடிக்கு இப்படி ஒரு குடும்பப் பெயரா என்று தேடப் போனதில் சேர்ந்த குறிப்புகள் இவை. வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்குக் கொஞ்சம் உபயோகமாகவும் இருக்கும்.

கதை டயஸ்கோரிடீஸிடம் ஆரம்பிக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டு, இன்றைய துருக்கியில் பிறந்த கிரேக்க மருத்துவர். அவருடைய மூலிகை நூலில் அபோசைனான் என்று ஒரு செடி வருகிறது. அதன் இலையைக் கொழுப்போடு பிசைந்து ரொட்டியாக்கிப் போட்டால் நாய், ஓநாய், நரி எல்லாம் சாகும் என்கிறார். அரளிக்குத் தனிக் குறிப்பு: இலையும் பூவும் நாயை, கழுதையை, கோவேறு கழுதையைக் கொல்லும், மனுஷனுக்கோ ஒயினில் கலந்து கொடுத்தால் பாம்புக்கடிக்கு மருந்து. (யாரும் முயன்று பார்க்க வேண்டாம். அரளி மனுஷனையும் கொல்லும்.) ரோமாபுரியின் பிளினியும் ஏறக்குறைய இதையே சொல்கிறார். சமஸ்கிருதத்தில் அரளிக்கு அசுவமாரகம் என்று ஒரு பெயர், அதாவது குதிரைக்கொல்லி. அங்கே கழுதையும் நாயும் செத்தது கண்ணில் பட்டிருக்கிறது, இங்கே குதிரை.

ஒன்றைக் கவனிக்கணும். டயஸ்கோரிடீஸ் அபோசைனானைப் பற்றிச் சொல்வது எச்சரிக்கை கிடையாது, செய்முறை. எந்தச் செடி நாய்க்கு ஆகாது என்ற அறிவு, நாயைக் காப்பாற்றுவதற்காகவே எழுதி வைக்கப்பட்டது என்று நாம் நினைத்தால் அது நம் காலத்துப் பழக்கம்.

1753இல் லின்னேயஸ் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தபோது, அபோசைனம் என்ற பழைய பெயரைத் தூக்கி வட அமெரிக்கச் செடிகளுக்குக் கொடுத்துவிட்டார். டயஸ்கோரிடீஸின் செடி அனாதையானது. ஆனால் பெயர் பிழைத்து, 1789இல் ஜூஸ்யூ வகுத்த குடும்பத்துக்கே தலைப்பானது. மஞ்சள் அரளிக்கு லின்னேயஸ் கொடுத்த பேரினம் செர்பெரா. கிரேக்கப் பாதாள உலகத்தின் வாசலைக் காக்கிற மூன்று தலை நாய் செர்பெரஸ், அதன் பெயர்தான். இங்கேயும் நாய்! பின்னால் அது, 1555இல் பிரேசிலுக்குப் போன பிரெஞ்சுத் துறவி ஆந்த்ரே தெவேயின் பெயரில் தெவெஷியா ஆனது, இப்போது காஸ்கபேலா. ஸ்பானிய மொழியில் காஸ்கபெல் என்றால் சலங்கை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த செடி நம்ம கோயில் நந்தவனத்தில் என்றைக்கும் இருந்தது மாதிரி நிற்கிறது.

செய்முறை அறிவு எங்கே போய் முடிந்தது என்பதற்கு நம்ம எட்டி மரமே சாட்சி. எட்டிக் கொட்டையின் நஞ்சான ஸ்ட்ரிக்னைனை, 1818இல் பாரிசில் பெல்லெட்டியே, காவென்ட்டூ என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்க. தெருநாய்கள் உட்பட எந்த விலங்கையும் இதயத்தில் ஸ்ட்ரிக்னைன் ஊசி போட்டுக் கொல்வது குற்றம் என்று, நஞ்சின் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறது. யாரும் செய்யாத ஒன்றை அவ்வளவு துல்லியமாகத் தடை செய்ய மாட்டார்கள்.

அதே அறிவு காப்பாற்றும் பக்கம் திரும்பியதற்கு ஒரு தேதி சொல்லச் சொன்னால் நான் 1978 என்பேன். அந்த வருடம்தான் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விலங்குகளுக்கென்று நஞ்சுத் தகவல் மையம் தொடங்கினார்கள்.

சரி, வீட்டு விஷயம். அரளி கசப்பு, அதனால் வளர்ந்த நாய் பெரும்பாலும் துப்பிவிடும். ஆடு மாடு மேயாது என்பதால்தான் நெடுஞ்சாலை நடுவிலும் வரிசையாக வைக்கிறார்கள். ஆனால் பல் முளைக்கிற குட்டிக்கு அந்த விவேகம் கெடையாது. வெட்டிப் போட்ட கிளை காய்ந்தாலும் நஞ்சு போகாது. பூ வைத்த குவளையின் தண்ணீரும் ஆபத்து. நஞ்சு, இதயத் தசை செல்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றிக் கொடுக்கிற பம்பைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. முதலில் வாந்தி, எச்சில் வடிதல். அப்புறம் இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

என்னைக் கேட்டால் அரளியைவிடக் கவலைப்பட வேண்டியது சைக்கஸ். குட்டிப் பனை போல இருக்கும், பனை இல்லை. அப்பார்ட்மென்ட் வாசல் தொட்டிகளில் எல்லாம் அதுதான் அலங்காரம். முழுச் செடியும் நஞ்சு, விதை படு மோசம். குறி வைப்பது கல்லீரலை. கல்லீரல் கெட்டது வெளியே தெரிய இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம், அதனால் "நல்லாத்தானே இருக்கு" என்று காத்திருக்கக் கூடாது. செடி மட்டுமில்லை, உரத்தையும் பாருங்க. ஆமணக்குப் புண்ணாக்கை நாய்கள் ஆசையாகத் தின்னும். சரியாகச் சூடுபடுத்தாத புண்ணாக்கில் ரைசின் நஞ்சு அப்படியே இருக்கும்.

தின்றுவிட்டது என்று தெரிந்தால் உப்புத் தண்ணி ஊற்றி வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், அந்த உப்பே தனியாக ஒரு நஞ்சு. நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்க. அரளி என்ற பெயரில் ஊருக்கு ஊர் வேற வேற செடி. நர்சரிக்காரர் சைக்கஸைப் பனை என்பார். அதனால் பெயரை நம்பாமல், கடித்த இலையோ காயோ மிச்சமிருந்தால் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்க. எடுக்க முடியாவிட்டால் செடியை முழுசாகப் போனில் ஒரு படம்.