சட்டாம்பிள்ளை எங்கே போனான்?

தம்மம்பட்டி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மரச்சிற்பம்தானே! கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே இருக்கிற அந்த சேலம் ஜில்லா ஊர், உளி வேலைக்காகப் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. நான் சொல்ல வந்தது சிற்பத்தைப் பற்றி அல்ல. அந்த வேலையைப் பழகுகிற விதத்தைப் பற்றி.

மரம் செதுக்குவது ஒரு வரிசை. அளவெடுத்து, கோடு போட்டு, முதலில் மேலோட்டமாக வெட்டி, பிறகு நுணுக்க வேலை, கடைசியில் உப்புத்தாள். நடுவில் ஒன்றைத் தாண்டிக் குதித்தால் பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிடும். சீவிய மரத்தை மறுபடி ஒட்டவும் முடியாது. அதனால் பழகுகிறவன் பக்கத்தில் மூத்தவர் ஒருவர் இருக்க வேண்டியிருக்கிறது. உளி கொஞ்சம் சறுக்கினால் உடனே, 'டேய், நிறுத்து!'

அந்த 'டேய், நிறுத்து' என்பதை நம் மூளையே நமக்குச் சொல்லிக்கொள்கிறது என்பது தெரியுமா?

1966-ல் பாட்ரிக் ராபிட் என்ற ஆங்கிலேய உளவியலாளர் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தார். பட்டன் தட்டும் வேலையில் தப்பு செய்தவர்கள், அடுத்த பட்டனைத் தட்டக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை. தானாகவே வேகம் குறைந்தது. 1990-ஐ ஒட்டி ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இதற்கான மூளை அலையையே பிடித்துவிட்டார்கள். தப்பு நடந்து ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அது வந்துவிடுகிறது.

ஏ.டி.ஹெச்.டி. குழந்தைகளிடம் இந்த உள்மணி பல ஆய்வுகளில் மெதுவாகத்தான் ஒலிக்கிறது. தப்பு செய்த பிறகும் அதே வேகத்தில் ஓடுகிறார்கள். அவர்களால் வரிசைகளையே கற்க முடியாதா என்றால், அதில் ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் பின்தங்குகிறார்கள், சிலவற்றில் மற்ற பிள்ளைகளுக்குச் சமமாகவே வருகிறார்கள். வாய்ப்பாடு தெரியும். ஆனால் மூன்றாவது வரியில் கூட்டலைக் கழித்தலாக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் விடை வரை போய்விடுவார்கள். உலகம் முழுக்க நூற்றுக்கு ஐந்து குழந்தைகள் இப்படி என்கிறார்கள். நாம் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர், 'அக்கறை இல்லாதவன்'.

டாக்டர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 43 குழந்தைகளைப் பற்றிச் சொற்பொழிவு நடத்தினார். அவர் வைத்த பெயர், ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை! ஒழுக்கம் போய், 'கவனம்' என்ற சொல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அதிகாரபூர்வமாக ஏற 1980 ஆனது.

சரி, இந்தப் பெயர்களெல்லாம் வருமுன் நம் ஊரில் என்ன நடந்தது?

திண்ணைப் பள்ளிக்கூடம். மணலைப் பரப்பி, விரலால் எழுதி, எழுதும்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கை, கண், வாய், காது நான்குக்கும் வேலை. தப்பாகச் சொன்னால் பக்கத்தில் இருக்கிற சட்டாம்பிள்ளை காதில் விழும். அங்கேயே திருத்துவான். மணலை அழித்துவிட்டு மறுபடி எழுது!

சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை 1789 முதல் கவனித்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இப்படி ஒரு திண்ணைப் பள்ளியைப் பார்த்து அசந்துபோனார். தன் ஆசிரியர்களிடம் மணலில் சொல்லிக்கொடுங்கள் என்றார். அவர்கள் முகம் சுளித்தார்கள். மனிதர் விடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைப் பிடித்து, 'நீ சொல்லிக்கொடு' என்று உட்கார வைத்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகவே போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் நம் சட்டாம்பிள்ளை இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இது டிரையல் பாலன்ஸ் மாதிரித்தான் படுகிறது. கணக்கு எழுதுகிறவரின் ஞாபகத்தையோ நல்ல குணத்தையோ யாரும் நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. பற்றும் வரவும் சேராவிட்டால் ஏடே காட்டிக்கொடுத்துவிடும். சரிபார்க்கிற வேலையை மனிதன் தலையிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். திண்ணையும் அதைத்தான் செய்தது.

ஆனால் உடனே 'அந்தக் காலம் பொற்காலம்' என்று கிளம்பிவிடாதீர்கள். கவர்னர் தாமஸ் மன்றோ உத்தரவின்படி சேலம் உள்படச் சென்னை ராஜதானியின் ஜில்லா கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்கு கேட்டார்கள். மொத்தம் 12,498 பள்ளிகள். 1823-ல் பல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் அனுப்பிய அறிக்கையைப் படித்தால் வயிற்றைக் கலக்கும். காலையில் முதலில் வருகிற பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதுவார்கள். இரண்டாமவனுக்குச் சுழியம். மூன்றாமவனுக்கு மெதுவாக ஒரு அடி, நான்காமவனுக்கு இரண்டு, பிறகு ஆளுக்கொன்று கூடிக்கொண்டே போகும். சோம்பேறி என்று பெயர் எடுத்தவனைக் கைகளைக் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவார்கள். நாம் கோதண்டம் என்போமே, அது. வழியில் ஓணானைப் பார்த்து நின்றுவிடுகிற பையன் தினமும் எத்தனையாவது ஆளாக வந்திருப்பான், யோசித்துப் பாருங்கள்.

இன்றைக்குப் பிரம்பு போனது நல்லது. 2009 கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடையே செய்துவிட்டது. ஆனால் கூடவே சட்டாம்பிள்ளையும் போய்விட்டான். திங்கட்கிழமை போட்ட கணக்கில் சிவப்பு மை விழுவது வெள்ளிக்கிழமை. நான்கு நாள் கழித்து வருகிற அந்தப் பெருக்கல் குறியை, மற்ற பிள்ளைகளாவது பழைய தப்போடு முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். உள்மணி மெதுவாக ஒலிக்கிற பிள்ளைக்கு அது வெறும் சிவப்புக் கோடு. அதே கணக்கை ஒரு வரி போட்டவுடன் வாய்விட்டுச் சொல்லவைத்து, அக்காவோ பக்கத்து பெஞ்சுப் பையனோ 'ம்' கொட்டிவிட்டு அடுத்த வரிக்கு விட்டுப் பாருங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. வேலையைத் துண்டு துண்டாக்கு, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் உடனே சொல் என்றுதான் இன்றைய நிபுணர்களும் ஆசிரியர்களுக்குச் சொல்கிறார்கள். மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் 21 வகைகள். கற்றல் குறைபாடு அதில் இருக்கிறது. ஏ.டி.ஹெச்.டி. என்ற பெயர் தனியாக இல்லை. அதனால் ஒரு அம்மா சான்றிதழ் கேட்டுப் போனால், பிள்ளைக்குக் கூடவே வேறு ஏதாவது குறை இருக்கிறதா என்றுதான் முதலில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.