ஹரிகேன் வருது... மெரினாவில் நிற்கும் பாய்மரப் படகை எப்படிக் காப்பாத்துறாங்க?

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை ஹரிகேன் சீசன். அங்கே மெரினா என்றால் நம்ம சென்னை பீச் இல்லை. சொந்தப் படகுகளை வரிசையாகக் கட்டி வைக்கும் துறை. 2022 செப்டம்பர் 28-ல் தாக்கிய 'இயன்' ஹரிகேன், ஃபோர்ட் மையர்ஸ் பகுதியில் இப்படி நின்ற படகுகளைத் தூக்கிக் கரையில் குவித்துவிட்டது.

காற்றா, தண்ணீரா... எது ஆபத்து?

இரண்டும்தான். காற்றின் வேகம் 2 மடங்கானால், அது தள்ளும் விசை 4 மடங்காகும். அதோடு கடல்நீரும் ஏறும். இயன் வந்தபோது ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் தரைக்கு மேல் 3 முதல் 4.5 மீட்டர் வரை தண்ணீர் நின்றது.

என்ன செய்யணும்?

* முடிந்தால் கிரேன் மூலம் படகைக் கரையேற்றி, பட்டைகளால் தரையோடு இறுக்கிக் கட்டுவது நல்லது. கடைசி நேரத்தில் கிரேனுக்கு க்யூ நிற்கும்.
* பாய்களைச் சுருட்டி வைத்தால் போதாது, முழுசா கழற்றணும். ஒரு முனை அவிழ்ந்தாலும் காற்று மொத்தப் பாயையும் விரித்துவிடும். மேலே உள்ள துணிக்கூரையையும் கழற்றணும்.
* கயிறுகளை இரட்டிப்பாக்கி, நீளமாகக் கட்டணும். குட்டையா இருந்தால், தண்ணீர் ஏறும்போது கயிறு அறுந்துபோகும், இல்லைன்னா படகையே கீழே இழுத்துப் பிடிக்கும்.
* கயிறு உரசும் இடங்களில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டைச் சுற்றலாம்.
* மிதக்கும் மேடை என்றால், அதைப் பிடித்திருக்கும் தூண்களின் உயரத்தைப் பார்க்கணும். தண்ணீர் தூணைத் தாண்டினால் படகோடு சேர்த்து மேடையே மிதந்து போய்விடும்.
* படகுக்குள் புகும் நீரை வெளியேற்றும் பம்புக்கு பேட்டரியை முழுசா சார்ஜ் செய்து, கரை மின் இணைப்பைத் துண்டிக்கணும்.

எப்போது தொடங்கணும்?

அமெரிக்க தேசிய ஹரிகேன் மையம், பலத்த காற்று தொடங்குவதற்கு சுமார் 48 மணி நேரம் முன்பு முன்னறிவிப்பும், 36 மணி நேரம் முன்பு எச்சரிக்கையும் விடும். அதுவரை காத்திருந்தால் லேட். வேலையை அதற்கு முன்பே தொடங்கணும்.

படகிலேயே தங்கலாமா?

கூடவே கூடாது. படகையே வீடாக வைத்து வாழ்பவர்கள் அங்கே உண்டு. விட்டுப்போக மனசு வராதுதான். ஆனால் மணிக்கு 200 கி.மீ. காற்றில் மேல்தளத்தில் நிற்கக்கூட முடியாது, கயிறு அறுந்தால் மறுபடி கட்டவும் முடியாது. இன்சூரன்ஸ் பத்திரத்தையும் படகின் போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு கிளம்பிடணும். படகு போனால் வேறு வாங்கலாம், உயிர் போனால்?