திப்புவின் கோடை மாளிகை: தச்சர் கட்டிய கட்டடம்

பெங்களூருக் கோட்டைப் பகுதியில் உள்ள திப்பு சுல்தானின் கோடை மாளிகையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் இதழ் வளைவுகளிலிருந்தே தொடங்குகின்றனர். 'இந்தோ-இஸ்லாமியப் பாணி' என்று பெயரிட்டதும் ஆய்வு முடிந்துவிடுகிறது. ஆனால் 1781இல் ஹைதர் அலி தொடங்கி 1791இல் திப்புவின் காலத்தில் நிறைவுற்ற இக்கட்டடம் அடிப்படையில் ஒரு தேக்குமரச் சட்டகம். கொத்தரைவிடத் தச்சருக்கே அது மிகுதியும் உரியது.

செங்கல்லிலோ கல்லிலோ எழும் வளைவு எடையைப் பக்கவாட்டில் தள்ளும். அதைத் தாங்கத் தடித்த சுவர் வேண்டும். மெலிந்த மரத்தூண் அத்தள்ளலுக்கு ஈடுகொடுக்காது. இங்கு மேல்தளத்தின் எடை உத்தரத்தின் வழியே தூணுக்கும், தூணிலிருந்து கற்பீடத்துக்கும் நேராக இறங்குகிறது. இடையே உள்ள வளைவு பெரும்பாலும் அணியே. கற்பீடம் அப்படியன்று: நிலத்தின் ஈரம் மரத்தின் வெட்டுமுகத்தில் ஏறாதபடி அது காக்கிறது. இங்கிலாந்தின் ஓக் மரப் பண்ணை வீடுகளில் அடிச்சட்டத்தைத் தாழ்ந்த கற்சுவரின்மேல் கிடத்தியதும் இதற்காகவே. அங்கே குளிருக்கு அஞ்சிச் சட்டக இடைவெளிகளைக் குச்சிப் பின்னலாலும் களிமண்ணாலும் அடைத்தனர். இங்கே முகப்பில் காற்றுக்காகத் திறந்தே விட்டனர்.

சொற்களும் இந்த அடுக்குகளைக் காட்டுகின்றன. வளைவைக் குறிக்கும் கன்னடச் சொல்லான 'கமானு', வில்லைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. தூணின் தலையில் நின்று உத்தரத்தை ஏந்தும் உறுப்போ தமிழில் போதிகை, கன்னடத்தில் 'போதிகெ'. நம் தேக்கு கன்னடத்தில் 'தேக'. மலையாளத்திலிருந்து போர்த்துக்கீசியம் வழியாக ஆங்கிலம் சென்று 'டீக்' ஆனதும் அதுவே. சொல்லின் வரலாறு கட்டியவரின் வரலாறாகிவிடாது என்பது உண்மை. எனினும் அணிக்கு வந்த பெயரும் தாங்குறுப்புக்கு இருந்த பெயரும் வேறு வேறு திசையைச் சுட்டுவதைப் பொருட்படுத்தாமல் விட முடியாது.

பாணியின் பெயர் பராமரிப்பையும் பாதிக்கிறது. வளைவே கட்டடம் என்று கருதினால் கவனம் பூச்சிலும் ஓவியத்திலும் நின்றுவிடும். உளுத்த தூணடியை அறுத்துப் புதுமரம் ஒட்டும் கைத்திறன் கணக்கில் வராது.

1831இல் மைசூர் ஆட்சியை ஆங்கிலேயர் நேரடியாக ஏற்றபின் இம்மாளிகை தலைமைச் செயலகமாயிற்று. 1868இல் பதினெட்டுத் துறைகளின் பெயரால் அமைந்த அட்டார கச்சேரிக்கு அலுவலகங்கள் மாறின. பின்னர், சூழ நின்ற கற்கோட்டையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. டெல்லி வாயிலும் சிறிது மதிலும் எஞ்சின, மரமாளிகையும் எஞ்சியது.