ஒரு கிண்ணம் சூப்புக்கு எத்தனை வரி?

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் 'என்ன விலை?' என்று கேட்கத் தோன்றும். பி.காம். முடித்துப் பத்திரிகைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் எனக்கு அது போகவில்லை. கவிதையைப் பற்றி யாராவது மேடையில் 'விலைமதிப்பில்லாதது' என்று முழங்கினால் உடனே சந்தேகம் வந்துவிடும். விலையே இல்லையென்றால், வாங்க ஆளே இல்லை என்று அர்த்தமா சார்?

ஆனால், கவிதைக்கு நிஜமாகவே ஒரு மனிதர் விலை சொல்லியிருக்கிறார். மறந்துபோன சில வரிகளை ஞாபகத்துக்குக் கொண்டுவர, ஒரு வேளை சூப்! சொன்ன இடம் ஆஷ்விட்ஸ். அந்த சூப்பைத் தவிர மத்தியானத்துக்கு அவருக்கு வேறு எதுவும் கிடையாது.

ப்ரிமோ லெவி. 1919-ல் இத்தாலியின் டூரின் நகரத்தில் பிறந்த யூதர். வேதியியல் பட்டதாரி. 1941-ல் அவருக்குக் கிடைத்த பட்டச் சான்றிதழில் முதல் தர மதிப்பெண்ணோடு கூடவே 'யூத இனம்' என்றும் எழுதிக் கொடுத்தார்கள். முசோலினியின் இனச் சட்டங்கள் 1938-லேயே வந்துவிட்டன. 1943 டிசம்பரில், மலைப்பகுதியில் பாசிஸ்ட்டுகளை எதிர்த்துக் கிளம்பிய ஒரு சின்னக் கூட்டத்தோடு பிடிபட்டார். போராளி என்று ஒப்புக்கொண்டால் சுட்டுவிடுவார்கள் என்ற பயம். 'நான் யூதன்' என்று சொன்னார். அதுதான் பாதுகாப்பான பதில் என்று அப்போது நினைத்திருக்கிறார், பாவம்.

1944 பிப்ரவரியில் ஃபோஸோலி முகாமிலிருந்து ஒரு சரக்கு ரயில் கிளம்பியது. உள்ளே 650 பேர். லெவி இருந்த பெட்டியில் 45 பேர். அதில் வீடு திரும்பியவர்கள் நாலே நாலு பேர். அவர் கையில் பச்சை குத்திய எண் 174517. போய்ச் சேர்ந்தது ஆஷ்விட்ஸின் ஒரு கிளையான மோனோவிட்ஸ். ஐ.ஜி. ஃபார்பன் கம்பெனிக்காகச் செயற்கை ரப்பர் தொழிற்சாலை கட்டுவதுதான் கைதிகளின் வேலை. ஆயிரக்கணக்கானவர்களின் உயிரைக் குடித்த அந்தத் தொழிற்சாலையிலிருந்து கடைசிவரை ஒரு கிலோ ரப்பர்கூட வெளியே வரவில்லை.

அங்கே ஒரு மார்க்கெட் இருந்தது. ரொட்டிதான் கரன்சி. சட்டை, பொத்தான், புகையிலை எல்லாவற்றுக்கும் ரொட்டியில் விலை. ஒரு உதாரணம் சொல்கிறேன். புதிதாக வந்த கைதிக்கு சூப் கொடுப்பார்கள். ஸ்பூன் கொடுக்க மாட்டார்கள். நாய் மாதிரி நக்கிக் குடிக்க வேண்டியதுதான். ஸ்பூன் வேண்டுமா? வெளியே, அதாவது கைதிகளின் திருட்டுச் சந்தையில், அரை ரேஷன் ரொட்டி கொடுத்து வாங்கிக்கொள். முகாம் விடுதலையான பிறகு கிடங்கைத் திறந்து பார்த்தால், உள்ளே ஆயிரக்கணக்கில் புத்தம்புது ஸ்பூன்கள்! தட்டுப்பாடு எதுவும் இல்லை. மனிதன் நாய் மாதிரி நக்க வேண்டும் என்பதுதான் திட்டமே. லெவி இதை ரொம்ப வருஷம் கழித்து ஒரு கணக்குப்பிள்ளையின் நிதானத்தோடு எழுதியிருக்கிறார். படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது அந்தக் கவிதை விஷயத்துக்கு வருவோம்.

லெவியின் வேலைக்குழுவில் ழான் சாமுவேல் என்று ஒரு பையன். பிரான்ஸின் அல்சாஸ் பகுதிக்காரன். குழுவுக்கு எழுத்தர், எடுபிடி எல்லாம் அவன்தான். அந்தப் பதவிக்கு முகாம் பாஷையில் 'பிக்கோலோ' என்று பேர். 1944-ல் ஒருநாள், பூமிக்கடியில் ஒரு பெட்ரோல் டேங்க்குக்குள் இறங்கித் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்த லெவியை, சமையற்கூடத்திலிருந்து சூப் தூக்கிவரத் தனக்குத் துணையாக அழைத்துப் போனான். ஐம்பது கிலோ அண்டா. கம்பு கொடுத்து இரண்டு பேர் தூக்க வேண்டும். போகும்போது அண்டா காலி. வெயில் நன்றாக இருக்கிறது. பிக்கோலோ கெட்டிக்காரன், வேண்டுமென்றே சுற்றுப் பாதையில் கூட்டிப் போகிறான். 'எனக்கு இத்தாலியன் கற்றுக்கொடேன்' என்கிறான்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எதை வைத்துப் பாடம் ஆரம்பிப்பது? ஏனென்றே தெரியாமல் லெவிக்கு தாந்தே ஞாபகம் வருகிறது. 'இன்ஃபெர்னோ'வின் 26-வது காண்டம். யுலிஸிஸ் என்ற கிழட்டு மாலுமி, யாரும் தாண்டாத எல்லையைத் தாண்டிக் கடலுக்குள் போன கதை. இத்தாலியப் பள்ளிக்கூடங்களில் இதை உருப்போட வைப்பார்கள். நமக்கு மனப்பாடச் செய்யுள் மாதிரி.

லெவி சொல்லிப் பார்க்கிறார். ஒரு வரி வருகிறது, அடுத்தது வரவில்லை. நடுவில் பெரிய ஓட்டை. தெரிந்ததை அரைகுறை பிரெஞ்சில் பெயர்த்துச் சொல்கிறார். களைத்துப்போன மாலுமிகளிடம் யுலிஸிஸ் பேசுகிற கட்டம் வருகிறது. நீங்கள் யார், எங்கிருந்து முளைத்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள், விலங்கு போலக் கிடந்து சாவதற்காகவா வந்தீர்கள் என்பதாகப் போகும் பேச்சு. பரீட்சைக்காக எத்தனையோ தடவை ஒப்பித்த வரிகள்தான். மொட்டைத் தலையோடு, கையில் நம்பரோடு, அண்டாவுக்குக் கம்பைத் தூக்கிக்கொண்டு சொல்லும்போது, தானே முதல் தடவையாகக் கேட்பதுபோல இருந்தது என்கிறார் லெவி. தான் யார், எங்கே இருக்கிறோம் என்பதே ஒரு கணம் மறந்துபோயிற்றாம். பிக்கோலோவுக்கும் ஏதோ புரிந்திருக்கிறது. 'இன்னொரு தடவை சொல்லு' என்றான்.

நடுவில் விட்டுப்போன சில வரிகள்தான் எவ்வளவு முக்கியும் வரவில்லை. அந்த வரிகளுக்காகத்தான் இன்றைய சூப்பைக் கொடுத்துவிடுவேன் என்றார். அதற்குள் சமையற்கூடம் வந்துவிட்டது. க்யூ. இன்றைக்கு முட்டைக்கோஸும் டர்னிப்பும் என்று யாரோ கத்துகிறார்கள். பாடம் முடிந்தது.

லெவி உயிரோடு டூரின் திரும்பி, இதையெல்லாம் புத்தகமாக எழுதினார். 'இவனும் மனிதனென்றால்' என்று தலைப்பு. பெரிய பதிப்பகமான ஐனவ்டி வேண்டாம் என்று திருப்பி அனுப்ப, 1947-ல் ஒரு சின்னப் பதிப்பகம் 2,500 பிரதிகள் போட்டது. அதுவும் முழுசாக விற்கவில்லை. மிச்சமிருந்த 600 பிரதிகள் ஃப்ளாரன்ஸில் ஒரு கிடங்கில் கிடந்து, 1966 வெள்ளத்தில் ஊறி நாசமாயின. (1958-ல் அதே ஐனவ்டி புத்தகத்தை மறுபடி வெளியிட்டு, அது உலகம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பதிப்பாளர்கள் எந்த நாட்டிலும் ஒரே ஜாதி!)

கதை இத்தோடு முடிந்திருந்தால், நானும் 'இலக்கியம் வாழ்க' என்று கும்பிட்டுவிட்டுப் போயிருப்பேன். முடியவில்லை. அந்த வெள்ளம் வந்த அதே 1966-ல் இன்னொரு புத்தகம் வந்தது. எழுதியவர் ழான் அமேரி.

அமேரியின் நிஜப் பெயர் ஹான்ஸ் மேயர். 1912-ல் வியன்னாவில் பிறந்தவர். தத்துவமும் இலக்கியமும் படித்தவர். நாஜிகள் வந்ததும் பெல்ஜியத்துக்கு ஓடினார். 1943-ல் எதிர்ப்புத் துண்டறிக்கைகளோடு பிடிபட்டு, ப்ரீன்டொங்க் கோட்டையில் சித்திரவதைப்பட்டு, கடைசியில் அதே மோனோவிட்ஸ். யுத்தம் முடிந்ததும் தன் பெயரின் எழுத்துகளையே கலைத்துப் போட்டு பிரெஞ்சுப் பெயர் ஆக்கிக்கொண்டார்.

அவருக்கும் ஒரு கவிதை ஞாபகம் வந்தது. பனிக்கால சாயங்காலம். வேலை முடிந்து காலை இழுத்துக்கொண்டு கைதிகள் திரும்புகிறார்கள். பாதி கட்டிய ஒரு கட்டடத்தின் முன்னால் கொடி ஒன்று படபடக்கிறது. கொடியும் சுவரும் வருகிற ஹோல்டர்லின் கவிதை ஒன்று அமேரியின் வாய்க்குத் தானாக வந்தது. சொன்னார். சத்தமாகச் சொன்னார். எத்தனையோ வருஷமாக அந்தக் கவிதை தந்த சிலிர்ப்பு இப்போது வரும் என்று காத்திருந்தார்.

ஒன்றும் வரவில்லை. கொடி கொடியாக இருந்தது. சுவர் சுவராக இருந்தது. அவ்வளவுதான்.

பாரிஸிலிருந்து வந்த, பேர்பெற்ற ஒரு தத்துவ அறிஞரும் அதே முகாமில் இருந்தார். அமேரி அவரைத் தேடிப்பிடித்துப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். ஒற்றை வார்த்தையில் பதில். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது. அந்த மனிதருக்கு அறிவுலகம் என்ற ஒன்று இருப்பதாகவே நம்பிக்கை போயிருந்தது. அமேரியின் தீர்ப்பு இதுதான். ஆஷ்விட்ஸில் படிப்பு உதவவில்லை. படித்தவன் எல்லாவற்றுக்கும் அர்த்தம் தேடியே இன்னும் சீக்கிரம் உடைந்தான். மதத்தையோ மார்க்சியத்தையோ கெட்டியாகப் பிடித்திருந்தவர்கள்தான் தாக்குப்பிடித்தார்கள். அப்படியானால் அமேரி தன் மானத்தை எங்கே மீட்டார்? ஒருநாள் ஒரு முரட்டு ஃபோர்மேன் அறைந்தபோது, திருப்பி முகத்தில் ஒரு குத்து விட்டார். நன்றாக உதை வாங்கினார். ஆனாலும் அந்தக் குத்தில்தான் தான் மனிதன் என்பது திரும்பி வந்தது என்று எழுதினார்.

இருபது வருஷம் கழித்து, 1986-ல் லெவி பதில் எழுதினார். எனக்குத் திருப்பி அடிக்கத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் சூப் கணக்கில் விட்டுக்கொடுக்கவில்லை. அன்று சொன்னது அலங்காரப் பேச்சில்லை, நிஜமாகவே ரொட்டியையும் சூப்பையும் கொடுத்திருப்பேன் என்றார்.

யார் சொல்வது சரி? எனக்கு ஒன்று தோன்றுகிறது. அமேரி ஒப்பித்தது ஜெர்மன் கவிதை. அடிக்கிறவனின் மொழியும் அதே ஜெர்மன். 'ஹோல்டர்லின் எங்கள் சொத்து, உனக்கு அதில் பாத்தியதை கிடையாது' என்று முகாமே அவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. லெவியின் தாந்தேயை அங்கே யாரும் பறிமுதல் செய்யவில்லை. இன்னொன்று, லெவிக்குப் பக்கத்தில் கேட்க ஒரு பிக்கோலோ இருந்தான். அமேரி, அத்தனை பேர் நடுவிலும், தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

லெவியும்கூட தன் உயிரை தாந்தேயின் கணக்கில் வரவு வைக்கவில்லை. அதை லோரன்ஸோ பெயரில்தான் வைத்தார். லோரன்ஸோ, முகாமுக்கு வெளியிலிருந்து கூலி வேலைக்கு வந்த இத்தாலியக் கொத்தனார். எழுதப் படிக்க அநேகமாகத் தெரியாது. ஆறு மாசம், தினமும், லெவிக்கு சூப் கொண்டுவந்து கொடுத்தார். பதிலுக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. லெவி தன் மகளுக்கு லிஸா லோரன்ஸா என்றும் மகனுக்கு ரென்ஸோ என்றும் பெயர் வைத்தது அந்தக் கொத்தனாரின் நினைவாகத்தான். ஒரு சூப்பை விட்டுக்கொடுக்கத் தயாராயிருந்தவரின் புத்தகத்தில், அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் அதைவிடப் பெரிய இடத்தில் இருக்கிறார். இதற்கு எந்தப் பேரேட்டில் பக்கம் ஒதுக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

லெவியின் பதிலைப் படிக்க அமேரி இல்லை. 1978-ல் தற்கொலை செய்துகொண்டார். அதை எழுதிய மறு வருஷமே, 1987 ஏப்ரலில், தான் பிறந்து வளர்ந்த அதே வீட்டின் மாடிப்படிச் சுற்றில் விழுந்து லெவியும் போய்விட்டார். தற்கொலை என்றார்கள். இல்லை, தவறி விழுந்தார் என்று இன்னும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இருவருக்கும் பொதுவான ஒரு தோழி இருந்தார். அவருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், லெவியும் நானும் சில வாரங்கள் ஒரே கொட்டகையில் இருந்தோம், அவர் முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று அமேரி சொல்லியிருந்தார். லெவி எவ்வளவோ யோசித்துப் பார்த்தார். தாந்தேயின் வரிகளில் பலவும் திரும்பக் கிடைத்த அவருக்கு, அமேரியின் முகம் மட்டும் கடைசிவரை ஞாபகத்துக்கு வரவேயில்லை.