தாதகுணித் தோட்டமும் நினைவில்லமும்

கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை முதலிய ஊர்கள் அமைந்த கிருட்டிணகிரி மாவட்டம் நடுகற்கள் மிக்கது. தமிழகத்து நடுகற்களுட் சில, வீழ்ந்த வீரனின் பெயரோடு அவன் வழியினர்க்கு விடப்பட்ட நிலக்கொடையையும் கூறும். நெய்த்தோர்பட்டி என்பது அக்கொடையின் பெயர். நினைவு நிலைபெற உருவமும் இடமும் மட்டும் போதா. அவற்றைக் காக்கும் ஏற்பாடும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். மாநில எல்லைக்கு அப்பால் அண்மைக் காலத்தே நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

பெங்களூரின் தென்புறத்தே, கனகபுரம் சாலையில் உள்ளது தாதகுணித் தோட்டம். உருசிய நாட்டில் 1904-இல் பிறந்த ஓவியர் சுவெத்தோசுலாவ் ரோரிக்கும், முதல் தாதாசாகேப் பால்கே விருது பெற்ற திரைக்கலைஞர் தேவிகா ராணியும் 1945-இல் மணந்து, பின்னர் இங்கு வாழ்ந்தனர். தேவிகா ராணி இலண்டனில் துணிகளுக்குக் கோலம் வகுக்கும் கலையையும் பயின்றவர். ஓவியரின் படங்கள் பல பெங்களூர்ச் சித்திரகலா பரிசத்தில் இடம்பெற்றுள்ளன. நறுமண எண்ணெய் தரும் லினலோ மரங்கள் வளர்ந்த தோட்டமோ இருவர் வாழ்வுக்கும் சான்றாய் நின்றது. இவர்க்கு மக்கட்பேறு இல்லை. 1993-இல் கணவரும் 1994-இல் மனைவியும் மறைந்தபின், அந்நிலம் யாருக்கு உரியது என்னும் வழக்கு வளர்ந்தது.

கருநாடக அரசு 1996-இல் தனிச்சட்டம் இயற்றித் தோட்டத்தையும் கலைப்பொருள்களையும் தன்பால் எடுத்துக்கொண்டது. அங்கே கலைக்கூடமும் அருங்காட்சியகமும் அமைத்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. அச்சட்டம் செல்லும் என உச்சநீதிமன்றத்தின் ஐவர் ஆயம் 2011-இல் தீர்ப்பளித்தது. பதினைந்து ஆண்டுகள் வழக்கிலேயே கழிந்தன.

தென்மார்க்கு நாட்டின் சுகாகன் ஊரில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடுவோம். மைக்கேல் அங்கர், அன்னா அங்கர் என்னும் ஓவியத் தம்பதியர் 1880-இல் மணந்தவர். அவர்தம் மகள் எல்கா, தம் இல்லத்தையும் அதிலுள்ள பொருள்களையும் ஓர் அறநிலையத்திற்கு உரியனவாக்கி, 1964-இல் மறைந்தார். 1967-இல் அவ்வீடு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. படங்களும் தட்டுமுட்டுப் பொருள்களும் இருந்த இடத்திலேயே இருந்தமையால், இருவரும் ஒருவர்க்கொருவர் துணையாய் வரைந்த வாழ்வு அங்கே புலனாகின்றது.

ஆங்கு மூன்றாண்டில் முடிந்தது, ஈங்குப் பதினைந்து ஆண்டில் உரிமை உறுதிப்பட்ட அளவில் நின்றது. கலைஞர் பெருமையில் உள்ள ஏற்றத்தாழ்வு இதற்குக் காரணமன்று. ஆங்கு முன்னரே செய்த ஏற்பாடு ஈங்கு இல்லாமையே காரணம் என்க. சட்டம் நிலத்தைச் சிதையாது காக்கும். எப்பொருள் எவ்விடத்தில் எதற்காக இருந்தது என்பதை அங்கு வாழ்ந்தோரே கூறவியலும். ஆதலின், வாழுங் கலைஞர் இல்லங்களிலுள்ள பொருள்களுக்கு அவர் வாய்மொழியுடன் இன்றே பட்டியல் வகுத்தல் நம் துறையினர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.